அண்ணி ஊற்றிய சிரோ

என் கணவரின் அக்காவுக்கு ஈரல் கெட்டுவிட்டது, வேறு ஈரல் வைப்பதுதான் வழி என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொன்னபோது, டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் இவர் கையைத் தூக்கிவிட்டார். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது பிள்ளைகள் தூக்குவது மாதிரி.

"நான் குடுக்கறேன் டாக்டர். எவ்ளோ வேணும்னாலும் வெட்டிக்குங்க."

டாக்டர் சந்திரகலா சிரித்துவிட்டார். "மொதல்ல உங்க ஈரல் எப்படி இருக்குன்னு பாக்கணும் சார்."

"என்னோடதா?" என்று இவரும் சிரித்தார்.

சிரிக்க இவருக்குக் காரணம் இருந்தது. இவர் பெயர் லெயோன். முத்தியால்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். விடிவதற்கு முன்பே எழுந்து, குருசுக்குப்பத்தில் ஆரம்பித்துக் கடற்கரைச் சாலை முழுக்க ஓடிவிட்டு வருவார். சிகரெட் கிடையாது. வெற்றிலை பாக்குகூடக் கிடையாது. வீதிக்கு வீதி ஒயின் ஷாப் இருக்கிற பாண்டிச்சேரியில் பிறந்து, நாற்பது வயது தாண்டியும் ஒரு சொட்டு தொடாதவர். ஒல்லியான கை, ஒல்லியான கால். சட்டையைக் கழற்றினால் மட்டும் தொப்புளுக்கு மேலே சின்னதாக ஒரு மேடு தெரியும். அதை நாங்கள் யாரும் தொப்பை என்று நினைத்ததில்லை.

நான் அண்ணி என்று கூப்பிடுகிற இவர் அக்கா ஓதெத்துக்கு ஈரல் கெட்டதே எங்கள் எல்லோருக்கும் புரியாத விஷயமாகத்தான் இருந்தது. நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரெட்டியார்பாளையத்தில் மாமனார் கட்டிய வீட்டில் தனியாக இருந்துகொண்டு, பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறார். அவரும் ஒல்லிதான், அவரும் குடித்ததில்லை. ஆனாலும் ஈரலில் கொழுப்பு படிந்து, அது புண்ணாகி, புண் தழும்பாகி, இப்போது ஈரலே காய்ந்த தேங்காய் மாதிரி இறுகிவிட்டது என்றார்கள். வயிற்றில் நீர் கோத்தது. கண் மஞ்சளானது. கோயிலுக்குப் போனால் பின்பெஞ்சில் இருப்பவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அண்ணிக்குக் காது கேட்காமலே தெரியும்.

"அப்பன் குடிச்சான், பொண்ணு ஒளிச்சி வச்சிக் குடிக்குதுன்னு பேசறாங்க பூவிழி," என்றார் ஒருநாள். "வாயத் திறந்து ஊதிக் காட்டவா முடியும்?"

அப்பன் குடித்தது உண்மை. என் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அங்கே இருந்தபோது ஒரு பிரெஞ்சுக்காரியைக் கட்டி, ஃபிராங்க் என்று ஒரு மகன் பிறந்து, பிறகு பிரிந்து ஊருக்கு வந்து என் மாமியாரைக் கட்டினார். ஓதெத்தும் லெயோனும் இந்தக் கல்யாணத்தில் பிறந்தவர்கள். மாமியார் சீக்கிரம் போய்விட்டார். மாமனார் குடித்துக் குடித்து, ரத்த வாந்தி எடுத்துச் செத்தார். அப்போது இவருக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு இவரை வளர்த்தது அக்காதான். நான் கல்யாணமாகி வந்தபோது ஒரு நாத்தனார் வீட்டுக்கு வந்ததாகத் தோன்றவில்லை, மாமியார் வீட்டுக்கு வந்ததாகத்தான் இருந்தது. நான் வில்லியனூர்ப் பக்கம் பள்ளிக்கூடம் படித்தவள், வேறு சாதி, வேறு சாமி. ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. "அண்ணி" என்றால் "என்னம்மா" என்பார்.

விஷயம் தெரிந்ததும் ஃபிராங்க் பிரான்சிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். அவருக்கு ஐம்பது வயது. வெள்ளைத் தோல், மாமனாரின் மூக்கு, பீப்பாய் மாதிரி உடம்பு. வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் பெட்டி நிறையப் பாட்டில்கள் இருக்கும். அவருக்கு ஒயின், அண்ணிக்கும் இவருக்கும் சிரோ. சிரோ என்றால் தண்ணீரில் கலந்து குடிக்கிற பாகு. அதில் கிரெனதின் என்று ஒன்று மாதுளம்பழ நிறத்தில் இருக்கும். அண்ணிக்கு அதுதான் பிடிக்கும். ஃபிராங்க் என்றால் இவருக்கு மட்டும் ஆகாது. "வெள்ளக்காரி புள்ள" என்று முகத்துக்கு நேராகவே சொல்வார். ஃபிராங்குக்குத் தமிழ் அரைகுறை என்பதால் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

"நானும் டெஸ்ட் பண்றேன். அவ எனக்கும் தங்கச்சி," என்றார் ஃபிராங்க்.

"நீ பண்ணு. ராத்திரியெல்லாம் வெண்ணெய வழிச்சித் தின்னுட்டு ஒயின ஊத்திக்கிறவனோட ஈரலு எப்படி இருக்கும்னு ஊரே பாக்கட்டும்," என்றார் இவர்.

இரண்டு பேரும் ஒரே நாளில் ஸ்கேன் எடுத்தார்கள்.

முடிவு சொல்ல எங்கள் நால்வரையும் சேர்த்தே உட்காரவைத்தார் டாக்டர் சந்திரகலா. முதலில் ஃபிராங்க். ஈரல் சுத்தம், குறை ஒன்றுமே இல்லை. ஆனால் ரத்த வகை பி. அண்ணிக்கு ஓ. சேராது. அடுத்தது இவர். ரத்த வகை ஓ. சேரும். ஆனால் ஈரலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு.

ஃபிராங்க்தான் முதலில் வாயைத் திறந்தார். "டாக்டர், பேப்பர் மாறிடுச்சி. நான் கெட்ட பையன். லெயோன் நல்ல பையன்."

"பேப்பர் மாறல சார்."

"பப்பா ரெண்டு பேரையும் பெசஞ்சி ஒரே ஆளா செஞ்சிருக்கலாம்," என்று அண்ணி சிரிக்கப் பார்த்தார். இவர் சிரிக்கவில்லை.

"நான் குடிக்கறதில்ல டாக்டர்."

"தெரியும். குடிச்சாதான் வரும்னு இல்ல."

"எடையும் கம்மிதான். என் ஒயரத்துக்கு அறுபத்தெட்டு இருக்கலாம். நான் அறுபத்தாறு."

"யாரு சொன்ன கணக்கு அது?"

அது மாமனாரின் கணக்கு. எத்தனை சென்டிமீட்டர் உயரமோ அதில் நூறு கழித்தால் எத்தனை வருகிறதோ அத்தனை கிலோ இருக்கலாம். ராணுவத்தில் கற்றுக்கொண்டு வந்து பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி அளப்பாராம். அந்த வீட்டில் எல்லோரும் இன்றைக்கும் அதில்தான் நிற்கிறார்கள். இவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் அதே கணக்கில்தான் அளப்பார்.

டாக்டர் கேட்டுக்கொண்டு சொன்னார். "அது ஐரோப்பாக்காரங்க ஒடம்ப வச்சிப் போட்ட கணக்கு. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு எடை ஏறறதுக்கு முன்னாடியே கொழுப்பு உள்ள போய் ஈரல்ல ஒக்காந்துக்கும். வெளிய பாத்தா ஒல்லியா இருப்பாங்க. அதனால நமக்குக் கோடு இன்னும் கீழ. உங்க எடை அந்தக் கோட்டத் தாண்டிடுச்சி."

"நாங்க பிரெஞ்சுக்காரங்க டாக்டர்," என்றார் இவர். சண்டைக்குச் சொல்லவில்லை. மாமனார் வழியில் வந்த பிரெஞ்சுக் குடியுரிமை, பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய வாய்.

"பாஸ்போர்ட்ட நான் பாத்தேன் சார். உங்க ஈரல் அதப் பாக்கலியே."

"அப்ப இவனுக்கு அவங்கம்மா ரத்தம். அதான் சுத்தம்." இவர் ஃபிராங்கைக் கைகாட்டினார்.

"அப்படி ஒரேடியாச் சொல்லிட முடியாது. கொழுப்பு சேர்றதுக்கு வழிவிடற ஜீன் மாற்றம் சிலது இருக்கு. சில எனத்து ஆளுங்ககிட்ட அதிகம், சில எனத்துல கம்மி. ஆனா ஒரே வீட்டுல ஒருத்தருக்கு வரும், ஒருத்தருக்கு வராது. உங்கப்பாகிட்ட இருந்துருக்கலாம். உங்களுக்கும் அக்காவுக்கும் வந்து, இவருக்கு வராம போயிருக்கலாம். அதுவும் வழிதான் விடும். உள்ள என்ன போவுதுன்றது நம்ம கையில."

எட்டு வாரம் கொடுத்தார். அதற்குள் கொழுப்பைப் பத்து சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தால் ஈரலில் ஒரு துண்டை வெட்டி எடுக்கலாம். இறந்தவர்களின் ஈரலுக்கும் அண்ணியின் பெயரைப் பதிந்தார்கள். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வரும் வழியில் மரக்காணம் தாண்டும்போது இவர் விரல்விட்டு வாரங்களை எண்ணினார். பிறகு சொன்னார். "எட்டு வாரம் எதுக்கு? நாலு வாரத்துல கொண்டாந்துருவேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை. கறி இல்லை, மீன் வறுவல் இல்லை, தேங்காய் இல்லை. சோறு ஒரு கரண்டி. ராத்திரிக்கு வேகவைத்த காய். ஓட்டத்தை இரண்டு மடங்காக்கினார். பள்ளிக்கூடத்தில் சக வாத்தியார் முருகையன் கேலி செய்தாராம், "என்ன மாஸ்டர், ஒயின் ஷாப்புல பாக்கி வச்சிட்டு ஈரலுக்கு விரதமா?" என்று. இவர் வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் அதைச் சொன்னார். சாயங்காலம் தவறாமல் ரெட்டியார்பாளையம் போய் அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது. ஃபிராங்க் லீவு முடிந்து பிரான்சுக்குத் திரும்பியிருந்தார்.

அண்ணியால்தான் தாங்க முடியவில்லை. "எனக்காக எம்புள்ள பட்டினி கெடக்குது," என்று போனில் என்னிடம் அழுதார். நானும் சமாதானம் சொன்னேன்.

எட்டு வாரம் முடிந்து ஸ்கேன் எடுத்தோம். எடை ஒரு கிலோ இறங்கியிருந்தது. கொழுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

உணவு ஆலோசனை சொல்கிற பெண் எங்களை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இதுல தப்பே இல்லியேம்மா," என்று குழம்பினார். அப்போது இவர் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். தண்ணீர் ரோஜா நிறத்தில் இருந்தது.

"அது என்ன சார்?"

"இதுவா? சும்மா சிரோ. பழச்சாறு மாதிரி. அக்கா கலந்து குடுக்கும்."

"டெய்லியா?"

"சின்னதுலேர்ந்தே. இப்ப நான் சாப்புடறதில்லன்னு கொஞ்சம் கெட்டியா கலக்குது. அங்க போனா ரெண்டு கிளாஸ், கிரவுண்டுக்கு ஒரு பாட்டில். ஈரலுக்கு இனிப்பு நல்லதாமே, மஞ்ச காமாலைக்குக் குளுக்கோஸ் குடுப்பாங்க இல்ல?"

அந்தப் பெண் பாட்டிலை வாங்கி, மூடியில் ரெண்டு சொட்டு விட்டு, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். எண்ணெயை நிறுத்தினால் மட்டும் போதாது. இப்படிக் குடிக்கிற சர்க்கரையை ஈரல் தானே கொழுப்பாக்கி வைத்துக்கொள்ளும். மற்றதை எல்லாம் விட்டுவிட்டு, ஈரலில் கொழுப்பு சேர்ப்பது எதுவோ அதை மட்டும் விடாமல் குடித்திருக்கிறார் என்றார்.

டாக்டர் இன்னும் ஆறு வாரம்தான் கொடுத்தார். அதற்கு மேல் அக்கா உடம்பு ஆபரேஷனைத் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு இவர் அந்தப் பாட்டிலைப் பார்த்தபடியே இருந்தார். அப்போதுதான் எனக்கு அந்தக் கதையைச் சொன்னார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள அந்த வீடுகளில் விசேஷம் என்றால் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் ஒயின் ஊற்றி, கண்ணாடிக் கிளாஸ்களை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு குடிப்பது வழக்கம். பிள்ளைகளுக்கும் பதினைந்து வயதானால் தண்ணீர் கலந்து ஒரு வாய் ஊற்றுவார்கள். மாமனார் செத்த வருஷம் கிறிஸ்மஸுக்கு ஒரு மாமா இவருக்கு முன்னால் கிளாஸை வைத்து ஊற்றினாராம். அக்கா எழுந்து வந்து, யாரும் பார்க்காமல் அந்தக் கிளாஸை எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு, அதிலேயே கிரெனதின் கலந்து கொண்டுவந்து வைத்தாராம். நிறம் ஒன்றுதான். இடிக்கும்போது யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் இவர் கிளாஸில் சிரோதான். பிறகு அதுவே தினமும் ஆகிவிட்டது.

"அக்காகிட்ட சொல்லாத," என்றார்.

"சொல்லாம எப்படிங்க? நாளைக்கிப் போனா ஊத்திக் குடுப்பாங்களே."

"போகல. நான் அங்க போகாம இருந்துடறேன். என்னக் குடிகாரனாக்கக் கூடாதுன்னு ஊத்துனது பூவிழி. அதுவே என் ஈரலக் கெடுத்துச்சின்னு தெரிஞ்சா அக்கா ஆபரேஷன் வரைக்கும் இருக்காது. சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டேன்.

இவர் ரெட்டியார்பாளையம் போவதை நிறுத்தினார். அண்ணி போன் செய்தால், "கிரவுண்டுல இருக்கேங்கா, ஸ்கூல் ஜோனல் மேட்ச் வருது," என்பார். நான் மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் போய் வந்தேன். அண்ணியின் கால்கள் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. வயிற்றிலிருந்து ஊசி வைத்து நீர் எடுத்துக்கொண்டு வந்தார்கள், ஒரு வாரத்தில் மறுபடியும் கோத்தது. ஒருநாள் என்னைத் தன் அம்மா என்று நினைத்து, "அம்மா, லெயோன் வந்தானா?" என்று கேட்டார். நினைவு தெளிந்ததும் அதற்காக வெட்கப்பட்டார். ஈரல் வடிகட்டாத அழுக்கு தலைக்கு ஏறுவதால் அப்படி வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

பக்கத்து வீட்டு செல்வாம்பாள் நான் இருக்கும்போதே கேட்டாள். "தம்பி வர்றதில்லியே. கத்தின்னா யாருக்குதான் பயமிருக்காது? கூடப் பொறந்தவனா இருந்தாலும் வவுறு அவன்து தான?"

அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. சத்தியம் செய்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது, எதைச் சொன்னாலும் எதைச் சொல்லாவிட்டாலும் அண்ணிக்கு வலிக்கத்தான் போகிறது, எது குறைவாக வலிக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். தெரியவில்லை.

அடுத்த ஸ்கேனுக்கு ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் கைத்தாங்கலாகப் பிடித்து அண்ணியை இறக்கினார். தோளில் துணிப்பை. மூன்று படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றார். இவர் ஓடிவந்து பிடிக்கப் போனார். அண்ணி கையைத் தட்டிவிட்டார்.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒயின் கிளாஸ் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு கிரெனதின் பாட்டில்.

"தண்ணி கொண்டா பூவிழி."

கொண்டுவந்தேன். வேறென்ன செய்வது? அடியில் சிவப்பாக ஊற்றி, மேலே தண்ணீர் விட்டு, ஸ்பூனால் கலக்கினார். ஸ்பூன் கண்ணாடியில் பட்டு அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு கிளாஸை இவர் பக்கம் தள்ளினார்.

"குடி."

இவர் நின்றுகொண்டே இருந்தார்.

"என்னடா பாக்கற? வெஷமா வச்சிருக்கேன்?"

"இப்ப வேணாங்கா."

"எப்ப வேணும்? நான் செத்தப்பறமா? மாசமாச்சி என் வீட்டு வாசப்படி மிதிச்சி. போன் பண்ணா மேட்ச்சு, மேட்ச்சு. அப்படி என்னடா மேட்ச்சு, ஒலகக் கோப்பையா?"

"அக்கா..."

"பேசாத. நான் பேசிட்டுப் போயிடறேன். பயமா இருக்குதுன்னா பயமா இருக்குதுன்னு சொல்லு. பொண்டாட்டி வேணாம்னு சொல்றான்னா அதயாவது சொல்லு. நான் கோச்சிக்க மாட்டேன். ஒன்ன அடகு வச்சி நான் பொழைக்கணும்னு கேட்டனா? அத சொல்லத்தான் வந்தேன். ஒன்ன விட்டுட்டேன். ஈரலும் வேணாம் ஒண்ணும் வேணாம். இத எப்பவும்போல எங்கூட ஒக்காந்து குடி. நமக்குள்ள ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சா போதும், போயிடறேன்."

இவர் கை கிளாஸுக்குப் போனது. ஒரு கிளாஸால் ஸ்கேன் மாறிவிடாது என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. அந்த ஒரு வாயில் ஐந்து வாரமும் போய்விடும் என்றுதான் தோன்றியது. அதைவிட, இவர் அதைக் குடித்தால் அண்ணி நிம்மதியாக எழுந்து ஆட்டோவில் ஏறிப் போய்விடுவார், பிறகு கூப்பிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். அது மட்டும் நிச்சயம்.

"அண்ணி," என்றேன், "அவரு ஈரல்ல இருக்கறதே அதுதான்."

"பூவிழி!" இவர் போட்ட சத்தத்தில் ஆட்டோ டிரைவர் வாசலில் எட்டிப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் இவர் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை.

"என்னாது?" என்றார் அண்ணி.

சொன்னேன். ஸ்கேனில் குறையாததையும், அந்தப் பெண் நாக்கில் வைத்துப் பார்த்ததையும், இவர் ஏன் வரவில்லை என்பதையும். சொல்லும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த கிளாஸைப் பார்த்தே சொன்னேன்.

அண்ணி பாட்டிலைக் கையில் எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒட்டியிருந்த காகிதத்தில் பொடி எழுத்தை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது மாதிரியே, நிறுத்தி நிறுத்தி. முதல் வார்த்தையே சர்க்கரைப் பாகு. மாதுளம்பழம் அதில் இல்லவே இல்லை. வேறு ஏதோ பழங்கள், அதுவும் கொஞ்சம்.

"இத்தினி வருஷமா பசங்களுக்குப் படிக்கக் கத்துக் குடுக்கறேன்," என்றார். "இத ஒருநா படிச்சதில்ல."

"அக்கா, அது மட்டுமே இல்லக்கா. ஜீனும்தான். டாக்டரு சொன்னாங்கல்ல."

"நானும் ஒங்கூட ஒரு கிளாஸ் குடிப்பேனே. தொணைக்கு." அண்ணி என்னைப் பார்த்தார். "அப்ப எனக்கும் இதாலதானா?"

"ஒரே காரணம்னு சொல்ல முடியாதாம் அண்ணி," என்றேன். டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆனால் சொன்னபோது எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

பாட்டிலை மேசைமேல் திருப்பி வைத்தார். பிறகு இவரைப் பார்த்து, "அப்ப நீ பயந்து ஓடல?" என்றார்.

"ஓடலக்கா."

"கழுத. சொல்றதுக்கென்ன?" என்று முதுகில் ஒரு அடி வைத்தார். அடித்த கையை எடுக்காமல் அப்படியே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். இவர் தரையில் உட்கார்ந்து அக்காவின் வீங்கிய பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் இரண்டு கிளாஸையும் எடுத்துப் போய்ச் சமையலறைத் தொட்டியில் கொட்டினேன். சிவப்பு போக நிறையத் தண்ணீர் விட வேண்டியிருந்தது.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார். "ஃபிராங்குக்குத் தெரிய வேணாம். பாவம், பொட்டியில பாதி எடத்த இதுக்கே வச்சித் தூக்கிட்டு வர்றான்."

அடுத்த ஸ்கேனில் கொழுப்பு ஒன்பது சதவீதம். டாக்டர் சந்திரகலா படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, "போதும். இதுக்கு மேல காத்திருக்க வேணாம்," என்றார். வாழ்த்தவில்லை. ஆபத்தையும் மறைக்காமல் சொன்னார். இவருக்கும் ஆபத்து உண்டு. அக்கா உடம்பு ரொம்பத் தளர்ந்துவிட்டது, மேசையில் என்ன நடக்கும் என்று வாக்குத் தர முடியாது. எல்லாம் நல்லபடி நடந்தாலும், வைக்கிற துண்டு இவருடைய ஈரல்தான். அதே சுபாவம் அதற்கும் இருக்கும், ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்பது என்பதைத் தவிர வேறெதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. போனில் அண்ணியிடம், "ஒம்போதுக்கா, ஒம்போது," என்று பரீட்சை பாஸான பிள்ளை மாதிரிக் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின சாயங்காலம் மூன்று பேரும் ரெட்டியார்பாளையம் வீட்டில் இருந்தோம். அண்ணியின் துணிகளை நான் பையில் அடுக்கினேன். அலமாரியில் ஃபிராங்க் கொண்டுவந்த பாட்டில்கள் வரிசையாகவே இருந்தன. எல்லாவற்றையும் அண்ணி கொட்டிக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். கண்ணாடிப் பாட்டிலைத் தூக்கிப்போட மனசு வரவில்லையாம்.

இவர் ஓட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார், வேர்வை காயவில்லை. அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனார். நான் போகிறேன் என்றதற்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு இருந்தது. பச்சைப்பயறு சுண்டல். தேங்காய் இல்லை, தாளிப்பு இல்லை.

தம்பியின் முன்னால் வந்து நின்றார். ஆனால் தட்டை வைக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"பூவிழி, இது குடுக்கலாமா?"

"குடுக்கலாம் அண்ணி."

"உப்பு?"

"பரவால்ல அண்ணி."

"எலுமிச்சம்பழம் புழிஞ்சிருக்கேன். அதால ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாது அண்ணி. குடுங்க."

அப்போதும் தட்டு அவர் கையிலேயே இருந்தது. சரி என்று வேறு யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் என்பதுபோல அறையைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் இவர்தான் எழுந்து, அக்காவின் விரல்களை மெதுவாக விலக்கித் தட்டை வாங்கிக்கொண்டார்.